திரையின் மூலையில் ஒரு பொட்டு

அந்தக் கணினித் திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, நடுவில் குங்குமம். ஆயுத பூசையன்று மேலாளர் தன் கையாலேயே வைத்தது. தெப்ராவ் தொழிற்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் அன்று எதுவும் தப்பவில்லை. அச்சு இயந்திரம், தொலைபேசி, காப்பி கலக்கும் மின்கேத்தல் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. அது தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். கேத்தலுக்குப் பொட்டு வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரையில் அவர் வைத்த இடம்தான் இன்றுவரை என் வயிற்றை எரிக்கிறது.

நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் நடுநிலையாக எழுதுவதுபோல் காட்டிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பாசாங்கு வராது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. காலணியைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் பக்கத்து நாற்காலியில் நீட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். அந்த நாற்காலி என்னுடையது. நான் எழுதும் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் மாற்றித் தன் பெயரில் அனுப்புவார். எதிர்த்து யாராவது வாயைத் திறந்தால், "மலைய பாக்க மெஷின் போதாது, கண்ணு வேணும் லா" என்பார்.

எங்கள் வேலை அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். இந்தோனேசியாவில், கடல் நடுவே ஒரு தீவு. தீவே ஓர் எரிமலை. சில மாதங்களாக அது விட்டுவிட்டுச் சாம்பலைக் கக்கிக்கொண்டிருந்தது. அந்த வழியே போகும் கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்பவேண்டிய பொறுப்பை எங்கள் நிறுவனம் எடுத்திருந்தது. செயற்கைக்கோள் படங்கள் வரும். மழைமேகம் மூடிய நாளில் அவற்றால் பயனில்லை. தீவிலேயே நில அதிர்வை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. எதிரே இருந்த சிறு தீவிலிருந்து ஒரு கேமரா மலையைப் படம்பிடித்துச் சில நிமிடங்களுக்கொருமுறை அனுப்பும். படத்தின் வலது கீழ்மூலையில் தேதியும் நேரமும் வெள்ளை எழுத்தில் இருக்கும். பொட்டுக்கு மேலாளர் தேர்ந்தெடுத்த இடம் அதுதான்.

கருவிகளைப் பழுதுபார்க்கப் போகிறவரை நாங்கள் அண்ணன் என்போம். சாஆ என்ற சிற்றூர்க்காரர். அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள். அவர் மனைவி உருளைக்கிழங்கு வைத்துச் சுட்டு அனுப்பும் கறிபாப்புக்காக நாங்கள் அடித்துக்கொள்வோம். ஆயுத பூசை முடிந்த சில நாளில் நில அதிர்வுக் கருவியின் பேட்டரி செத்துப்போனது. அதை மாற்ற அண்ணன் புறப்பட்டார். மறுநாள் காலை, தீவுக்குப் படகு ஏறும் துறையிலிருந்து கூப்பிட்டார். மேலாளர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், இங்க மழை கொட்டுது. மலை கண்ணுக்கே தெரியல. கேமராவுல எப்படி இருக்கு?"

"பெரியவர் நல்லா தூங்கறாரு," என்றார் மேலாளர். மலையை அவர் அப்படித்தான் அழைப்பார். "ஒரு பொட்டுப் புகை இல்ல. தைரியமா போலாம். மாத்திட்டு சட்டுனு வந்துரு லா."

அவர் இணைப்பைத் துண்டித்ததும் நான் திரையைப் பார்த்தேன். நீல வானம், தெளிந்த மலை, இடது ஓரத்தில் ஒரு வெள்ளைப் படகு. முந்தைய நாள் மாலை நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அதே படகு அதே இடத்தில்தான் நின்றது.

"சார், அண்ணன் மழைங்கறாரு. படத்துல வெயில் அடிக்குதே. படம் நின்னுபோச்சோ என்னமோ. பொட்ட கொஞ்சம் எடுத்துட்டு நேரத்த பாக்கலாம்," என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். "அலமாக்! தீவுல ஒரு பக்கம் மழை பெய்யும், ஒரு பக்கம் வெயில் அடிக்கும். இதுகூட தெரியாதா? சாமி காரியத்துல கை வெக்காத. போய் உன் வேலைய பாரு."

படியில் இறங்கி நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். படகு அதற்குள் தொலைபேசி எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.

அன்று நண்பகலில் மலை வெடித்தது. எங்களுக்கு அதைச் சொன்னது வானொலிச் செய்தி. எங்கள் திரையில் அப்போதும் நீல வானம். படகில் போன யாரும் திரும்பவில்லை. நான் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் முந்தைய நாளின் தேதி இருந்தது. "சார், வந்து பாருங்க," என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவருக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

அதன்பிறகு அவர் சொன்ன கதைதான் எடுபட்டது. படத்தில் புகை நன்றாகத் தெரிந்ததாம், போகாதே என்று அவர் தடுத்தாராம், அண்ணன் பிடிவாதமாகப் போனாராம். நான் நடந்ததை இயக்குநரிடம் சொன்னேன்; அடுத்த மாதம் எனக்கு வேலை இல்லை. சாஆவுக்குப் போனேன். மேலாளர் எனக்கு முன்பே போய்வந்திருந்தார். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தார். "புகைய பாத்து வேணாம்னு சார் சொல்லியும் கேக்காம போன மனுசன பத்தி இனிமே என்ன பேச்சு?" என்று சாத்திக்கொண்டார். அண்ணன் படத்தைக்கூட அவர் வீட்டில் மாட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அழுகையை விடக் கோபம் பெரிதாக இருந்த வீடு அது. அந்தக் கோபத்தை அங்கே விதைத்தவர் பதவி உயர்வு வாங்கினார்.

பல வருடங்கள் கழித்து, இந்தத் தீபாவளிக்கு மேலாளர் வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்குப் போகவேண்டி வந்தது. என் கணவருக்கு அவர் தூரத்து உறவாம். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்ட கெட்ட செய்திகளில் அதுவும் ஒன்று. வரவேற்பறையில் அண்ணி இருந்தார். வருடம் தவறாமல் வருவாராம். கையில் கறிபாப் டப்பா. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோபாவுக்கு மேலே, பொன்னிறச் சட்டத்தில், அந்த மலை. நீல வானம், வெள்ளைப் படகு. மேலாளர் ஓய்வுபெற்றபோது அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் பழைய படங்களைத் துழாவி அழகான ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார்களாம். விருந்தாளி ஒருவர் அதைப் புகழ்ந்தார். மேலாளர் உருகிப்போய்ச் சொன்னார்: "மலை வெடிச்ச அன்னிக்கு என் ஸ்கிரீன்ல இருந்த கடைசி படம் இது. எவ்ளோ அமைதி பாருங்க. யாருக்கு தெரியும், இல்ல?"

அண்ணி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"புகை எங்க சார்?"

மேலாளர் சிரிக்கப் பார்த்தார். "அது... அந்தப் பக்கம் இருந்திருக்கும்மா."

"அண்ணி, வலது மூலைய பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "தேதி இருக்கு."

அங்கே பொட்டு இல்லை. பளபளக்கும் கண்ணாடிக்கு அடியில் வெள்ளை எழுத்துகள் தெளிவாக இருந்தன. அண்ணி நம்பாமல் புடவைத் தலைப்பால் அந்த மூலையைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். மேலாளர் இப்போதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "வாங்க வாங்க, பிரியாணி ஆறிடும்," என்று மற்றவர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது மலை வெடிச்சதுக்கு முந்தின நாளு," என்றார் அண்ணி. "அப்போ சார் புகைய பாக்கவே இல்ல. அவர் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் போயிருக்காரு."

"ஆமா அண்ணி. இவர்தான் போலாம்னாரு. நான் பக்கத்துல இருந்தேன்."

புடவைத் தலைப்பைப் பிடித்த கை அந்த மூலையிலேயே இருந்தது.

"இந்தாளு வீட்டுல இந்த மலை தொங்குது," என்றார். "என் வீட்டுல நான் அவர் படத்த மாட்டலையே."