குக்கரில் பலகை வேகவைத்த ஆரோக்கியம் அண்ணன்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். காலையில் கார்பென்டர் குரூப்பில் மெசேஜ்... மாரடைப்பாம்.

ஒரகடம் பக்கம் கிச்சன் கேபினட் செய்துகொண்ட எல்லோருக்கும் பென்னலூர் ஆரோக்கியத்தைத் தெரியும். அதே வேலையைத்தான் நானும் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். என்னைப் பார்த்தால், "நீங்க ஆரோக்கியத்தோட ஆளா?" என்று கேட்பார்கள். இல்லைங்க. ஒரு நாளும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷன் மேல் எனக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

வேலை ஆரம்பிக்கும் முன்னால் பிளைவுட்டில் ஒரு துண்டு வெட்டுவார். அந்த வீட்டு அம்மாவிடமே குக்கரை வாங்கி, தண்ணீர் ஊற்றி, துண்டைப் போட்டு அடுப்பில் வைத்துவிடுவார். பத்து விசில்.

"சோறுதாம்மா வேவணும்... பலகை வேவக் கூடாது!"

துண்டு போனபடியே முழுசாக வெளியே வரும். அவ்வளவுதான், வீடே அவர் பக்கம்.

நானும் செய்து பார்த்தேனே! வல்லம் வடகாலில் ஒரு வீடு. "தண்ணிக்கு அசையாத ஐட்டம் சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த பிளைவுட். பத்து விசில் கழித்துத் திறந்தால்... பரோட்டா மாதிரி லேயர் லேயராகப் பிரிந்து கிடக்கிறது. அந்த ஆர்டரும் அண்ணனுக்கே போனது.

அப்புறம் படப்பையில் ஒரு வீடு. அது நான் செய்த கிச்சன். சிங்க்கை ஒட்டிய டிராயர் பெட்டிக்கு மட்டும், மரத்தூளை அமுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு போட்டிருந்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு. குழாய் கசிந்து அடிப்பலகை உப்பிவிட்டது. மாற்றித் தர யாரைக் கூப்பிட்டார்கள்? வேறு யாரை!

அவர் போட்ட புதுப் பெட்டியை ஒரு சாக்கு சொல்லிப் போய்ப் பார்த்தேன். தரையில் படுத்து, மொபைல் டார்ச் அடித்துத் தேடினேன். தண்ணீருக்கு அசையாத நல்ல மரைன் பிளைவுட். சுவர்ப் பக்கம் திரும்பிய ஓரத்தில்கூட, தண்ணீர் ஏறாமல் பட்டை ஒட்டி அடைத்திருந்தார். ஒரு குறை... ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும் என்றிருந்தது. கிடைக்கவில்லை.

இன்று பென்னலூர் போய் மாலை போட்டேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் வீட்டு கிச்சனுக்குள் நுழைந்தேன். ஆமாம், இன்றைக்கும்தான். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

மூலையில் ஒரு டிராயர் பெட்டி. அடிப்பலகை உப்பியிருந்தது! ஒரு நொடி... எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பின்னாலேயே அவர் மனைவி மேரி அக்கா வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னா குமாரு, உன் பொட்டியவா பாத்துக்கினு கீறே?"

"என்னுதா?"

"படப்பைலேர்ந்து தூக்கிகினு வந்தாரே... குப்பைல போடச் சொல்லிட்டாங்களாம். 'டிராயர் இன்னா மாதிரி ஓடுது பாரு, எனக்கு இந்த மாதிரி வராது'ன்னு சொல்லி இங்கயே வச்சிக்கினாரு."

இழுத்துப் பார்த்தேன். ஸ்பூன்கள், தீப்பெட்டி, ஒரு ஜெபமாலை. டிராயர் சத்தமே இல்லாமல் வந்தது.

உங்க கிச்சன்ல இருந்த ஒரே குறையும் என்னோடதுதானா அண்ணே...

இன்னும் வயிறு எரியுது. போய் வாங்க.