ஒரு டிசைனில் ஒரு புடவை

தீபாவளி முடிந்த வாரம், விற்காமல் நின்ற சுடிதார்களைக் கடையின் பின்பக்கம் குவித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். முதுகில் நீளமாக ஒரு வெட்டு, கையில் ஒன்று. பிறகு கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புவார்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப்போய்ப் பாதி விலைக்கு விற்பார்கள், கடையின் விலை கெட்டுவிடும் என்பது முதலாளியின் எண்ணம். வெட்டுகிற பெண்கள் பேசிச் சிரித்தபடிதான் வெட்டுவார்கள். வெங்காயம் நறுக்குவதுபோல அது பழகிவிட்டிருந்தது.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் இருந்த அந்த ஜவுளிக் கடைக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தேன். வாரத்தில் சில பிற்பகல்கள். முதலாளி என்னை ‘சார்’ என்பார். நான் எழுதியதில் பாதியை அடிப்பார்.

வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய அவருடைய ஒரே மகள், முதன்முதலாக அந்த வெட்டலைப் பார்த்த அன்று நான் அங்கிருந்தேன்.

“அப்பா, இது புதுத் துணி.”

“விக்காத துணி புதுசு இல்லம்மா. குப்பை.”

“அப்ப ஏன் இவ்ளோ ஆர்டர் பண்றீங்க?”

“சரி, நீ பண்ணு. நீ பண்ணி நான் பாக்கறேன்.”

இப்படித்தான் பந்தயம் போட்டுக்கொண்டார்கள். கடையை அவள் வழியில் நடத்தலாம். அடுத்த தீபாவளிக்குள் அது சரிப்பட்டு வந்தால், கொள்முதல் இனி அவள் கையில். வராவிட்டால் அவள் கடைப்பக்கமே வரக்கூடாது, தெம்பனிஸில் ஏதாவது அலுவலகத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். விளையாட்டில்லை என்று மகளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு அந்தக் கடையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் செய்ததெல்லாம் நல்ல காரியங்கள். ஒவ்வொரு புடவைக்கும் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை நிறுத்தினாள். ஜாலான் புசாரிலிருந்து ஒரு தையல்காரரை வரவழைத்து, இறுகிப்போன ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக் கொடுக்க வாசலருகே இடம் ஒதுக்கினாள். ஒரு டிசைனில் டஜன் கணக்கில் வாங்குவதை விட்டு, ஒன்றே ஒன்று வாங்கினாள். சரக்கு தேங்காது, தவிர, தன்னைப்போல் இன்னொருத்தி கட்டிக்கொண்டு எதிரே வரமாட்டாள் என்று வாங்குபவர்களுக்கும் பெருமை. இது நன்றாகவே விற்றது. முதலாளியின் முகம் அதில் கொஞ்சம் வாடியது.

கடைசியாக ஒரு மரப்பெட்டி வைத்தாள். வீட்டில் சும்மா கிடக்கும் புடவையைக் கொண்டுவந்து போட்டால் அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி. வந்ததைப் பார்த்து, துவைத்து, இஸ்திரி போட்டு, தனி ஸ்டாண்டில் தொங்கவிட்டாள். ‘மறுமுறை’ என்று பெயர் வைத்தது நான்.

“என் பொண்ணு கராங்குனி ஆயிட்டா,” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார் முதலாளி. ஹார்ன் அடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து பழைய பேப்பரும் துணியும் எடுத்துப்போகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். “ஹார்ன் ஒண்ணுதான் பாக்கி. வாங்கிக் குடுக்கவா?”

“வாங்கிக் குடுங்க பா. அந்த ஹார்னைக் கேட்டாத்தான் இந்தத் தெருவே முழிக்கும்,” என்பாள் அவள். வாய் அப்பாவுடையது.

நான் போகாத ஒரு நாளில் ஒருவர் பெரிய பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்த புடவைகள் எதுவும் கட்டப்படாதவை. சிலவற்றில் விலைச்சீட்டுகூட இருந்தது. ஒரு பச்சைப் புடவை, கடுகு நிறக் கரை, எங்கள் கடையிலேயே வாங்கியது.

“எல்லாம் புதுசா இருக்கே, அண்ணே?”

“கோடிம்மா,” என்றார் அவர். தலைமுடி மழித்திருந்தது. தள்ளுபடிச் சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

மகள் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்திருக்கிறாள். ‘கோடி: புதிய துணி’ என்று அகராதி சொன்னது. அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டாரும் சம்பந்திகளும் புதுப்புடவை வாங்கிவந்து அவள் உடல்மேல் போர்த்துவார்கள். அதுதான் கோடி. தகனத்துக்குப் புறப்படும்முன் எடுத்துவிடுவார்கள். ஊரில் அவற்றை வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. இங்கே இல்லை. வீட்டுக்குள் யாரும் கொண்டுபோக மாட்டார்கள், குப்பையில் போடவும் கை வராது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சாவுப் பந்தல் பிரித்தபின் ஒரு மூலையில் மூட்டையாகக் கிடக்கும். அவளுடைய மரப்பெட்டி அந்த மனிதருக்குத் தெய்வம் அனுப்பியதுபோல் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் போனபோது முதலாளி அந்தப் பச்சைப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவரே ஹேங்கரில் மாட்டி, வெளிச்சம் நன்றாக விழும்படி முன்னால் நகர்த்தி வைத்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

தெம்பனிஸிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதை வாங்கினார். மருமகளுக்கு வளைகாப்பு.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்த அம்மாள் திரும்பி வந்தார். கடை நிறைய ஆட்கள். புடவையைக் கையால் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்து, கல்லாமேல் கவிழ்த்தார்.

“யாரும்மா இதை எனக்கு வித்தது?”

“நான்தான் ஆன்ட்டி,” என்று மகள் முன்னால் வந்தாள்.

“பொணத்து மேல போட்ட புடவையை என் மருமக வயித்துல சுத்த வெச்சிருக்கியே! வளைகாப்பு மேடையில வெச்சு ஒருத்தி கேக்கறா, ‘இது நான் எங்க அக்காவுக்குப் போட்ட கோடியாச்சே’ன்னு. இல்லவே இல்லைன்னு நான் சண்டை போட்டேன். அவ சொல்றா, ‘அந்தக் கடையில ஒரு டிசைன்ல ஒண்ணுதான் விப்பாங்க, இது வேறயா இருக்க முடியாது’ன்னு.”

பழைய வழக்கப்படி டஜன் வாங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நான் அங்கேயே யோசித்தேன். முதலாளி அதற்கும் முன்பே யோசித்திருப்பார்.

“ஆன்ட்டி, புடவை புதுசுதான். யாரும் கட்டவே இல்ல,” என்றாள் மகள். அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

“கட்டலையா? கட்டறதுக்கு அவங்க எழுந்திரிச்சாத்தானே லா!”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொள்ளும் ஓசை எனக்குப் பழக்கமானது. பத்திரிகைக்காக நீதிமன்றம் போன நாட்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஸ்டாண்டில் துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கையை உதறிக்கொண்டு விலகினார்கள். ஒருத்தி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி வந்தார். கைகூப்பினார். “மன்னிச்சுக்கங்கம்மா. பொண்ணு வெளிநாட்டுல படிச்சவ. தமிழ் கொஞ்சம் கம்மி, பழக்கவழக்கம் அதைவிடக் கம்மி. என்னோட வளர்ப்புதான் சரியில்ல.” எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பட்டுப்புடவை ஒன்றையும் கையில் வைத்து அனுப்பினார். பிறகு மூத்த விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டார். “இதையும் அந்த ஸ்டாண்டுல இருக்கறது பூராவையும் வெட்டிரு.”

வாசலிலேயே வெட்டினார்கள். பின்பக்கம் போகவில்லை.

அந்த மூத்த பெண்ணைக் கடையில் எல்லோரும் அக்கா என்பார்கள். வெட்டிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “மூட்டை வந்த அன்னிக்கே தெரியும் சார். அந்த ஆளு ‘கோடி’ன்னு சொன்னப்ப நானும் இருந்தேன், முதலாளியும் இருந்தாரு. நான் வாயைத் தொறந்தேன். அவரு உதட்டுல விரலை வெச்சாரு.”

அக்கா குரலைத் தாழ்த்தியது போதவில்லை. மகள் பின்னால் நின்றிருந்தாள். நேரே கல்லாவுக்குப் போனாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அந்தப் பச்சைப் புடவையை எடுத்துக் குடுத்ததே நான்தானே. செத்துப்போன அக்காவுக்குன்னு ஒருத்தி அழுதுகிட்டே வாங்கிட்டுப் போனா. எனக்குத் தெரியாதா?”

“ஏன் பா சொல்லல?”

“நீ ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா? போன்கிட்ட கேட்ட.” நோட்டுகளை அடுக்கி ரப்பர் போட்டார். “பந்தயம் பந்தயம்தான்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அவரும் எதிர்பார்த்திருப்பார். அவள் குனிந்து வெட்டாத குவியலிலிருந்து பச்சைப் புடவையை மட்டும் உருவி எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

தீபாவளிக்கு முந்தைய நாள் தேக்காவில் நடக்க இடமிருக்காது. கடைக்குள் வரிசை வளைந்து வளைந்து நின்றது. முதலாளி வியர்வையோடு கல்லாவில். மகள் உள்ளே வந்தாள். தலைநிறையப் பூ. கடுகுக் கரை வைத்த பச்சைப் புடவை. மடிப்பு எடுத்து, மிக நேர்த்தியாகக் கட்டியிருந்தாள்.

அக்கா கையிலிருந்த அளவுகோலைத் தவறவிட்டார்.

வரிசையைத் தாண்டிப்போய் அப்பாவுக்கு எதிரே நின்றாள் மகள். “எப்படிப்பா இருக்கு? புதுசுதான்.”

அப்பா உயிரோடு இருக்கையில் மகள் பிணத்துக்குப் போர்த்திய கோடியை உடுத்தி, செத்தவளைப்போல் வந்து நிற்கிறாள். அதன் பொருள் அந்தக் கடையில் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அவர் முகம் சாம்பலாயிற்று. கத்தினால் ஏன் கத்துகிறார் என்று வரிசை கேட்கும். சொன்னால், கோடியைத் திரும்ப விற்ற கடை இதுதான் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும், அதுவும் வருஷத்தில் முக்கியமான வியாபார நாளில்.

“நல்லா இருக்கும்மா,” என்றார்.

வரிசையில் முன்னால் நின்ற பெண் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். “ஆமா லா, ரொம்ப அழகு. இதே மாதிரி எனக்கு ஒண்ணு கிடைக்குமா?”

“ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு ஆன்ட்டி,” என்றாள் மகள். “எதுக்கும் அப்பாகிட்ட கேளுங்க. யார் வாங்கினது, எதுக்கு வாங்கினதுன்னு அவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும்.”

அந்தப் பெண் முதலாளியின் பக்கம் திரும்பி, பதிலுக்காகக் காத்து நின்றாள்.