நெடுந்தீவில் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு

கோடையில் தீவகம் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று எழுதித் தரச்சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். ஆடி மாதம், வெளிநாட்டுச் சனம் பள்ளிக்கூட விடுமுறையோடு வந்து இறங்குகிற காலம். நானும் பெரிய ஆள் மாதிரி ஒப்புக்கொண்டு கொழும்பிலிருந்து போய் மூன்று நாள் அலைந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். வேலணையில் சாட்டிக் கடற்கரையில் 'சுடச்சுட மதிய உணவு' என்று ஒரு பலகை நின்றது. பலகைக்குப் பின்னால் கதவு பூட்டியிருந்தது. உல்லாசமாக வந்த குடும்பங்கள் புரியாணியை வீட்டிலிருந்தே சட்டியோடு கொண்டுவந்து நிழல் தேடிச் சாப்பிட்டன. பிறகு யார் கடை வைப்பான்? ஊர்காவற்றுறையில் ஒரு தேநீர்க் கடை கிடைத்தது. றோல்ஸ் நூற்றியிருபது ரூபா, உள்ளே கிழங்கு, வேறொன்றும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே அரை மணித்தியாலம் இருந்தால் நாமும் கிழங்கோடு சேர்ந்து அவிந்துவிடுவோம்.

இரண்டாம் நாள் நயினாதீவு. அங்கே மடத்தில் வருகிறவர் எல்லோருக்கும் அன்னதானம் உண்டு. நல்ல சாப்பாடு, வயிறாரப் போடுகிறார்கள். அதனால் கடைகளில் சோடாவும் ஐஸ்கிறீமும்தான். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மிச்சம் நெடுந்தீவு. அதைத்தான் நம்பியிருந்தேன். அங்கே பிலோமினா அக்கா தன் வீட்டு முன்விறாந்தையில் நாலு மேசை போட்டுத் தைப்பொங்கலுக்குப் பிறகு சாப்பாட்டுக் கடை தொடங்கியிருந்தா. புருசனுக்குக் கால் ஏலாது, கடலுக்குப் போவதில்லை. சித்திரையில் ஒருமுறை போனபோது அங்கே கணவாய்க் கறி சாப்பிட்டேன். அந்த ருசியை யாழ்ப்பாண நகரத்தில் தேடியும் நான் காணவில்லை. ஆனால் அங்கே போய் இருந்துகொண்டு சாப்பாடு கேட்க முடியாது. எத்தனை பேர், என்ன கறி என்று முதலே சொல்லவேண்டும். காலையில் தோணி வந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்காக வாங்கித்தான் சமைப்பா.

என்னோடு படித்த ரவி வெளிநாட்டுக் குடும்பங்களை வான் வண்டியில் ஏற்றித் தீவுகள் காட்டுகிறவன். கிழமைக்கு ஒரு குழு நெடுந்தீவு போகும், டவுனில் கட்டிய சோற்றுப் பார்சலோடு. ஒருமுறை அக்காவிடம் சாப்பிட வைத்துப் பார், பிடித்தால் கிழமைதோறும் அங்கேயே கொடு என்று அவனைக் கரைச்சல் படுத்திச் சம்மதிக்க வைத்தேன். வியாழக்கிழமை பன்னிரண்டு பேர், சாப்பாடு உன் பொறுப்பு என்றான். அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"இது சரிவந்தால் கடையை வைச்சிருப்பன், தம்பி. இல்லாட்டி மன்னாரிலை தங்கச்சியிட்டைப் போறதுதான். இனியும் இழுக்க ஏலாது" என்றா. பிறகு என்ன கறி வைக்கட்டும் என்று கேட்டா. நண்டு, கணவாய், பாரைமீன் பொரியல் என்று அடுக்கினேன். அவ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவ. நாள் பார்த்துச் சொல்லியிருக்கவேண்டியவன் நான்.

மூன்றாம் நாள், வியாழன், காலை எட்டரைக்குக் குறிகட்டுவான் துறையில் படகு. ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு வயதான தமக்கையும் இரண்டு தம்பிமாரும், அவர்களுடைய குடும்பங்களும். தம்பிமாரின் தலை ஈரம் காயவில்லை, நெற்றி நிறைய விபூதி. விடியமுதலே கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டு வருகிறோம் என்று அந்தப் பெரியவ சொன்னா. நல்ல பக்தியான சனம் என்று நினைத்துக்கொண்டேன். மடையன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் கடமைகளை அண்ணன் செய்கிறார். நான் போனில் விசாரித்துவிட்டுத் தப்புகிறவன்.

ஒன்பதே முக்காலுக்கு இறங்கினோம். சிறிய லொறியில் ஏறி, வெயிலில் காய்ந்து, தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு அக்காவின் வீட்டுக்கு வந்தோம். எல்லோருக்கும் நல்ல பசி. அக்கா அயர்ன் பண்ணிய சேலை உடுத்திருந்தா. பன்னிரண்டு சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. நண்டுச் சட்டியின் மூடியைத் திறந்தா, வாசம் வாசற்படலை வரைக்கும் போனது.

பெரியவ வாசற்படியிலேயே நின்றுவிட்டா.

"தம்பி, இண்டைக்கு ஆடி அமாவாசை எல்லோ?"

தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனை நினைத்து விரதம் பிடிக்கிற நாள். விரதம் பிடிக்கிற வீட்டில் அன்றைக்கு மச்சம், மீனோ இறைச்சியோ, சமைக்க மாட்டார்கள். ரவி என்னை முறைத்தான். அமாவாசை என்று உனக்குச் சொல்லவும் வேணுமோ என்று பல்லைக் கடித்தான்.

பிலோமினா அக்காவுக்கு விசயத்தை நான்தான் விளங்கப்படுத்தினேன். அவ என்னை ஒரு சொல் ஏசவில்லை. அரை மணித்தியாலம் தாருங்கள், பருப்பும் பூசணியும் வைத்துத் தருகிறேன் என்று அந்தப் பெரியவவிடம் கெஞ்சினா.

"சட்டி பானை எல்லாம் மச்சம் பட்டது, பிள்ளை. கோவியாதையும்" என்றா பெரியவ. அவவும் பாவம். காசு நீட்டினா, அக்கா வாங்கவில்லை. எல்லோரும் பிஸ்கற் வாங்கித் தின்னத் துறைமுகத்துப் பக்கம் நடந்தார்கள்.

ரவி படலையில் நின்று, அடுத்த கிழமையிலிருந்து பழையபடி பார்சல்தான், இந்தச் சோலி எனக்கு ஏலாது என்றான். அது அக்காவுக்குக் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் சொன்னானோ தெரியாது. போய்விட்டான்.

நானும் அக்காவும் மாத்திரம் நின்றோம். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அக்கா சட்டிகளை ஒவ்வொன்றாக மூடினா. கடைசி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"உங்கடை அப்பா இருக்கிறாரோ, தம்பி?"

அப்பா போய் ஒன்பது வருசம்.

"ஓம் அக்கா, இருக்கிறார்" என்றேன்.

அவவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியென்றால் நீங்கள் சாப்பிடலாம்தானே என்று கதிரையை இழுத்துப் போட்டுச் சோறு போட்டா. உப்புக் காணுமோ என்று பக்கத்தில் நின்று கேட்டா. காணும் என்றேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ஆடி அமாவாசையில் என் வாயில் மச்சம் பட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு நல்ல நண்டுக் கறியை நான் சாப்பிட்டதில்லை.

இரண்டரைக்குப் படகு. வரும்போது அந்தக் குடும்பத்துக்கு எட்டத்தில் போய் இருந்தேன்.

ஆகவே வாசகர்களுக்கு: நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்திலேயே பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தலாவது வேண்டும். வேறு சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆவணி பிறந்து இரண்டாம் கிழமை அக்காவுக்குப் போன் எடுத்தேன். மன்னாரில் நிற்பதாகச் சொன்னா. மேசை நாலையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாவாம். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் எடுத்தேன், அதற்கு முதல் அவ கேட்டா.

"அப்பா சுகமாய் இருக்கிறாரோ, தம்பி?"

சுகமாக இருக்கிறார் என்றேன்.