தேநீர் இடைவேளை வரைக்கும் தளபதி

மனிதர் ஆயுளில் குதிரை ஏறியதில்லை. ஏன், குதிரைக்குக் கிட்டப் போனதுகூட இல்லை; தூரத்தில் நின்று பார்த்தாலே தும்மல் வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குத் 'தளபதி' என்று பெயர் விழுந்ததென்றால், அதற்கு ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரிதான் பொறுப்பேற்க வேண்டும். அங்கே வகுப்பறையில் புரொஜக்டர் ஓட்டுவது அவர் வேலை.

ஒவ்வொரு புது அணிக்கும் ஒரு கர்னல் வந்து குதிரைப்படைத் தளபதிகளைப் பற்றிப் பாடம் எடுப்பார். முதல் பாதி முழுக்கப் படம். பக்கவாட்டில் திடீர்ப் பாய்ச்சல், பயந்து ஓடுவதுபோல் ஓடிவிட்டுத் திரும்பித் தாக்குவது, எதிரியின் உணவு வண்டிகளை மடக்குவது என்று கர்னல் கையை வீசிச் சொல்லச் சொல்ல, இருட்டில் நிற்கும் நம்ம ஆளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அப்புறம் தேநீர் இடைவேளை. இரண்டாம் பாதியில், இன்றைய சண்டைகளுக்கு இதிலிருந்து என்ன பாடம் என்று கர்னல் பேசுவார். அதற்குப் படம் கிடையாது. படம் இல்லாத இடத்தில் புரொஜக்டர்காரருக்கு என்ன வேலை? கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விடுவார். ஆக, இத்தனை வருடமாக மனிதர் பாய்ச்சலை மட்டும்தான் கேட்டிருக்கிறார். பாய்ந்தவன் கதி என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அவர் மனைவி அருமையாகத் தைப்பாள். வீட்டு மூலையில் தைத்துத் தைத்து அலுத்துப்போய், கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பேசி வைத்திருந்தாள். அறையின் ஓனர் சரியான முசுடு. அவரை மெல்லப் பேசிப் பேசிக் கரைத்திருந்தாள். சாவி வாங்குவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நம்ம தளபதி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விடிந்தும் விடியாததுமாக ஓனர் வீட்டுக்குப் போனார். பல் துலக்கிக்கொண்டிருந்த மனிதரிடம், வாடகையைக் குறைத்தால் ஆயிற்று, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று அதிரடியாக ஒரு போடு போட்டார். தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லி, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓனர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அதைத் தற்காலிகப் பின்வாங்கல் என்றார். தப்பு செய்துவிட்டேன் என்ற பேச்சே இல்லை. அவள் சண்டை போடவில்லை. தையல் மெஷினை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தளபதி சும்மா இருப்பாரா? முதலில் ஓடுவதுபோல் ஓடிப் பார்த்தார். போன் செய்யாமல் கம்மென்று இருந்தால் அவளே துரத்திக்கொண்டு வருவாள் என்று கணக்கு. அவள் நிம்மதியாக இருந்தாள். அடுத்தது உணவு வழியை அறுப்பது. யோசித்துப் பார்த்தால் அறுந்து கிடந்தது அவருடைய உணவு வழிதான். காய்ந்த ரொட்டியும் கருகிய முட்டையுமாக வயிறு புண்ணாகியிருந்தது. மிச்சம் இருந்தது பாய்ச்சல் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மச்சினி வீட்டுக் கதவைத் தட்டினார். தூக்கக் கலக்கத்தோடு சகலை கதவைத் திறந்ததும், அவரை ஒதுக்கிவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றார். அபார வெற்றி. எதிர்ப்பே இல்லை. மச்சினி போர்வையைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவர் மனைவி கொண்டையை முடிந்துகொண்டே எதிரில் வந்து நின்றாள்.

"சரி, வந்துட்டீங்க. என்ன விஷயம்?"

கர்னல் எப்போதும் இந்த இடத்தில்தான் இடைவேளை விடுவார்.  நம்ம தளபதி, எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று, அடுப்பு சரியாக எரியவில்லை என்றார். பர்னரைத் துடைத்தால் எரியும் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி படுக்கப் போய்விட்டாள். சகலைதான் பாவம், வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார்.

அடுத்த வகுப்பில் அவர் கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கேட்கக் கேட்கக் காது சூடேறியது. எதிரியின் வரிசையை உடைத்துக்கொண்டு உள்ளே போவது பெரிய விஷயமே இல்லையாம். போனவர்களில் பலர் அந்த ஜோரிலேயே ஓடிக்கொண்டிருந்து, குதிரை களைத்து, துணைக்கு ஆளில்லாமல் மாட்டிக்கொண்டார்களாம். இன்றைக்கு டாங்கியில் போகிறவர்களும் டீசல் தீரும்வரை அதையேதான் செய்கிறார்களாம். பாய்வதற்கு முன்னால் நோட்டம் பார்த்து, கண்டதைத் தன் பக்கத்து ஆட்களிடம் வந்து சொல்வதுதான் குதிரைப்படையின் முதல் வேலையாம்.

கேள்வி நேரத்தில் இவர் கை தூக்கினார். அதிகாரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், யார்கிட்டயும் சொல்லாம போய் மாட்டிக்கிட்டவன் அப்புறம் என்ன பண்ணணும்?"

"போனது தப்புன்னு ஒத்துக்கணும்," என்றார் கர்னல். "நிறைய பேர் அதை மட்டும் பண்ணவே மாட்டாங்க."

அன்று சாயங்காலம் மச்சினி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன்கிட்ட கேக்காம போனது தப்பு. உன் கடையை நான்தான் கெடுத்தேன்."

மெஷின் நின்றது. இது எந்தத் தளபதியுடைய தந்திரம் என்று கேட்டாள். தந்திரம் எதுவும் மிச்சமில்லை என்றார். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டார். சொல்லும்போது மனிதருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்த அறைக்கு இன்னும் ஆள் வரவில்லை, ஓனரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கப் போகிறேன் என்றாள்.

"நானும் வரேன்."

"வாங்க. ஆனா தெருவிலேயே நில்லுங்க."

நின்றார். ஓனரின் குரல் உள்ளே ஏறுவது கேட்டது. தளபதிக்குக் கால் பரபரத்தது. ஒரே பாய்ச்சலாக உள்ளே போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டால் என்ன என்று வாசல் கேட்டில் கைகூட வைத்துவிட்டார். பிறகு அந்தக் கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். உள்ளே ஓனரின் குரல் மெல்ல இறங்கியது.

அவள் வெளியே வந்தபோது கையில் சாவி இருந்தது. ஓனர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: இவரைக் கடைப் பக்கமே விடக்கூடாதாம்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, மெஷினை ஏற்ற வண்டி பிடிக்கப் போனார்.