எட்டு மாத இடுக்கு

வாசலில் கல் பதிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், கற்களுக்கு நடுவே கலவை வைக்க எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே ‘இடுக்கு’. அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். கோபப்பட அவருக்கு வேறு விஷயங்கள் ஏராளம். கலவையில் தண்ணீர் கூடினால் கோபம். மண்ணைச் சுரண்டாமல் பூசினால் கோபம். மேலாக்கத் தடவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டாலோ, கண் மண் தெரியாது.

அந்த ஞாயிறு காலை தங்கை வீட்டுப் பின்கதவைத் திறந்தார். வெளியே பதித்திருந்த கற்கள் முழுக்க சிமென்ட் வழிந்து காய்ந்து கிடந்தது. இடுக்குகளில் கலவை பாதி ஆழத்துக்கு இறங்கி விரிசல் விட்டிருந்தது. நகத்தால் நெம்பினார். அப்படியே பெயர்ந்து வந்தது.

“எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது?”

“நான்தான் மச்சான்,” என்றார் தங்கையின் கணவர். பஸ் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். “கொஞ்சம் தண்ணியாக் கலக்கி சொம்பால ஊத்தினேன். தானா உள்ள எறங்கிடும்னு நெனச்சேன்.”

“ஊத்தினீங்களா! கலவை கையில புடிச்சா உருண்டையா நிக்கணும் மாப்பிள்ளை. அதை அழுத்தி அழுத்தி உள்ள திணிக்கணும். நான் வந்து உங்க பஸ்ஸ ஓட்டினா சும்மா பாத்துட்டு இருப்பீங்களா? என் தங்கச்சி வீட்டு வாசல்னு யாராவது பாத்தா என் மானம் என்னத்துக்கு ஆகும்?”

“வியாழக்கிழமை அவ விழுந்துட்டா மச்சான்.”

அவர் திரும்பி இடுக்கைப் பார்த்தார்.

“ஊன்றுகோல் இடுக்குக்குள்ள எறங்கிடுச்சு. தோள்ல அடி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா. எனக்கு மனசு கேக்கல, தெரிஞ்சதச் செஞ்சேன்.”

ஒரு விபத்துக்குப் பிறகு தங்கைக்கு இடதுகால் ஊன்ற வராது. யாரையும் கூப்பிடாமல் கொடிக்கயிறு வரைக்கும் தானே போய்வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் இந்தக் கற்களை அண்ணனான அவரே பதித்தார். ஓரம் சீரில்லாத கற்கள், சில இடத்தில் இடைவெளி இரண்டு விரல் அகலம். “கல் நல்லா அமரட்டும், அடுத்த ஞாயிறு பூசிடறேன்,” என்றார். அது எட்டு மாதத்துக்கு முன்னால். ஒவ்வொரு ஞாயிறும் ஊரான் வீட்டு இடுக்கு குறுக்கே வந்தது. சொந்த வீட்டு வேலைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. உளியை எடுத்தார். உளி மொண்ணை என்று திட்டினார், வெயிலைத் திட்டினார், சுத்தியலைத் திட்டினார். மாப்பிள்ளையை மட்டும் திட்டவில்லை. காய்ந்த கலவையை அடி ஆழம் வரை கொத்தி எடுத்து, தூசியைக் கூட்டி, ஈரத்துணியால் நனைத்தார். ஈரப்பதமாகக் கலந்ததைச் சின்னக் கரணையால் இரண்டு தடவையாக அழுத்தி நிரப்பினார். மாப்பிள்ளை கலவை எடுத்துக் கொடுத்தார். முடியும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவருக்குத் தன் மேல் வந்த ஆத்திரம் மட்டும் சாயவில்லை.

தங்கை ஊன்றுகோல்களோடு கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“ரெண்டு நாளைக்குக் கால் வெச்சுடாதே,” என்று சிடுசிடுத்தார். “அவசரப்பட்டா எல்லாம் பாழாப் போயிடும்.”

“எட்டு மாசம் இந்தக் கதவுலயே நின்னிருக்கேன் அண்ணே,” என்றாள் அவள். “ரெண்டு நாள் நிக்க மாட்டேனா?”