முப்பதாம் நாள் போன்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் முப்பதக்கா. வயது முப்பது என்று ஏமாந்துவிட வேண்டாம். அது அவளை விட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் சரியாக முப்பதாம் நாள் போன் போட்டு, ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. அதனால் வந்த பட்டம்.

எழுதுவதற்கு ஒரு பதிவேடு உண்டு. பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்துவது. எந்த ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேர் இறக்கிறார்கள், ஏன் இறக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் படித்தவர்கள் ஆராய்வார்கள். நம்ம அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மூன்றே எண்கள். உயிரோடு இருந்தால் ஒன்று. இறந்துவிட்டால் இரண்டு. எத்தனை தடவை அடித்தும் யாரும் போனை எடுக்காவிட்டால் ஒன்பது. ஒன்பது வாங்கியவர் திரிசங்கு மாதிரி. பிழைத்தவர் கூட்டத்திலும் இல்லை, செத்தவர் கூட்டத்திலும் இல்லை, கணக்கிலேயே வரமாட்டார்.

"உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா?" என்று எந்த மனுஷி கேட்பாள்? அக்கா கேட்கமாட்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து பேசறேம்மா. ஐயா சாப்பிட்டாரா?" என்பாள். அவ்வளவுதான். "எங்க சாப்பிடறாரு, உப்பில்லை உறைப்பில்லைன்னு தட்டைத் தள்ளறாரு" என்று திட்டு வந்தால் ஒன்று. எதிர்முனை ஊமையாகிவிட்டால் சிவப்புப் பேனாவை எடுப்பாள். எடுத்தாலும் உடனே போனை வைக்கமாட்டாள். அந்தப் பக்கம் அழுது முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருப்பாள். தாளில் அதற்கென்று கட்டம் எதுவும் கிடையாது.

அறை லிஃப்டுக்குப் பக்கத்தில். ஜன்னல் கிடையாது. லிஃப்ட் ஒவ்வொரு மாடிக்கும் கிழவன் மாதிரி இருமிக்கொண்டு ஏறும். இரண்டு மேஜை. ஒன்றில் அக்கா, போன், தாள்கள். மற்றதில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் குருவி. குருவி என்பதும் பட்டம்தான். பத்து விரலாலும் அவள் தட்டுகிற வேகம் தானியம் கொத்துகிற மாதிரி இருக்கும். அக்கா தாளில் எழுதுவாள், குருவி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். பதினோரு வருஷமாக ஒரே சாப்பாட்டு டப்பாவில் கை நனைத்தவர்கள். குருவி பிரசவத்துக்குப் போனபோது வாசலில் செருப்பு தேய நடந்தது அவள் புருஷன் இல்லை, அக்கா.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பாம்பைப் பார்த்த மாதிரி. தன் கடவுச்சொல்லைக்கூட ஒரு சீட்டில் எழுதிக் குருவியிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்கோடி, எனக்கு மறந்துடும்" என்றிருந்தாள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதில்லையா, அப்படி.

லிஃப்ட் எதிரில் சுவரில் ஒரு பலகை. வயிறு, குடல் அறுவை சிகிச்சை: நூறு பேருக்கு இறப்பு இரண்டு. பரீட்சையில் நூற்றுக்கு இரண்டு வாங்கினால் முதுகில் விழும். இங்கே அதற்கு மாலை போடாத குறை. அந்த இரண்டு தன் கையால் வந்த இரண்டு என்று அக்காவுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமைதான் அவள் தம்பியைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

தம்பி ஃபேன், மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன். கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு மாடியில் குடி. வாய் மட்டும் ரிப்பேர் ஆகவே ஆகாது. குடலில் கட்டி என்று தெரிந்ததும் கடைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தானே போய்க் கேட்டு வந்தான்.

"அங்க டாக்டர் நல்லா பேசினாருக்கா. நூத்துல ஆறு பேர் தவறிடறாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. பயமா இருந்துச்சு, ஆனா பிடிச்சிருந்துச்சு."

"ஆறா? எங்ககிட்ட ரெண்டுடா! எழுதறது யாரு? உங்க அக்கா."

"அங்கயே பண்ணிக்கறேனே. கடை பக்கம்."

"ஆறு பெருசா ரெண்டு பெருசா? மிக்ஸி பிரிக்கத் தெரியுது, இது தெரியலையா?"

மூன்று நாள் சண்டை. கடைசியில் தம்பி கையைத் தூக்கினான். "சரி தாயே. முப்பதாம் நாள் எனக்கும் போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேப்பியா? நான் எடுக்கவே மாட்டேன் போ. அலைய விடறேன் பாரு."

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினெட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு, மாத்திரை கொடுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். இருபத்திரண்டாம் நாள் காலை அக்கா டீயோடு மாடி ஏறினாள். டீயோடு கீழே இறங்கவில்லை.

முப்பதாம் நாள் பட்டியலில் அவன் பெயர் வந்தது. வேறு யாரையும் தொட விடவில்லை. யாருக்கும் போன் போடாமல், தாளை எடுத்துத் தானே நிரப்பினாள். தகவல் தருபவர் உறவு: அக்கா. நிலை: இரண்டு. சிவப்புப் பேனா இரண்டு தடவை நின்று நின்று எழுதியது. குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். "குடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள்.

பதிவேட்டில் இன்னொரு விதி உண்டு. ஒன்பது வாங்கியவர்களுக்குத் தொண்ணூறாம் நாள் இன்னொரு முறை போன் போட வேண்டும். அந்தப் பட்டியலை அக்கா கண்ணால் பார்த்ததில்லை. "நீங்க முப்பதைப் பாருங்க, தொண்ணூறை நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஏன் ரெட்டை வேலை?" என்று குருவி எப்போதோ தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எவ்வளவு நல்ல பெண் என்று அக்கா நினைத்திருந்தாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் குருவி லீவு. பிரின்டர் தானாகக் கனைத்து ஒரு தாளைத் துப்பியது. அந்த மாசத்துத் தொண்ணூறாம் நாள் பட்டியல், பதினோரு பெயர். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அக்கா கண்ணாடியை மாட்டினாள். ஏழாவது வரியில் தம்பி. தொடர்பு கிடைக்கவில்லை. மீண்டும் அழைக்கவும். அதன் கீழே அழைக்க வேண்டிய எண்.

எண் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விரல் பழக்கதோஷத்தில் அழுத்தியது. மேஜைக்கு அடியில் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. தம்பியைச் சேர்த்தபோது எழுதிக் கொடுத்தது அவள் எண்ணைத்தான்.

நம்பவில்லை. வைத்துவிட்டு மறுபடி போட்டாள். பை மறுபடி அடித்தது. நான் எடுக்கவே மாட்டேன் போ. அலைய விடறேன் பாரு. அவன் விளையாட்டாகச் சொன்னதை யாரோ கம்ப்யூட்டரில் நிஜமாக எழுதி வைத்திருந்தார்கள்.

மற்றப் பத்துப் பெயரையும் பார்த்தாள். பெயர் மறக்கும், குரல் மறக்காது. நாலாவது வரி, "அவர் தூங்கறாரு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு அப்புறம் உடைந்த அம்மா. ஒன்பதாவது வரி, "அப்பா போனை நான் சார்ஜ்லயே வெச்சிருக்கேன்" என்ற பெண். பீரோவைத் திறந்தாள். இந்தத் தாள்களெல்லாம் இடத்தை அடைக்கிறது, பழைய பேப்பருக்குப் போடலாமே என்று குருவி நாலு மாசமாக நச்சரித்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை, அக்காவுக்கு ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறிய மனசு வராது. பதினொன்றில் எட்டு, சிவப்பு இரண்டு. அவள் கையெழுத்து.

மறுநாள் குருவி டப்பாவோடு வந்தாள். அக்கா தம்பியின் தாளை அவள் மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன நம்பர்டி?"

குருவி பார்த்தாள். பார்த்த இடத்திலேயே முகம் வெளுத்தது. "அக்கா... நானா பண்ணலைக்கா. பெரிய டாக்டர் சொன்னாரு. வீட்ல போய் இறந்தவங்க நம்ம கணக்கில்ல, ஒம்பது போடுன்னாரு."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம்."

நாலு வருஷம். அக்கா கதவு வழியாகப் பலகையைப் பார்த்தாள். அப்படியானால் அந்த இரண்டு என்றைக்குமே இரண்டு இல்லை. ஆறு என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்ன டாக்டரை விட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தாளே.

"அவனைச் சேக்கறதுக்கு நான் மூணு நாள் சண்டை போட்டேன். இதே நாற்காலில உக்காந்து உன்கிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லலாம்னுதான்க்கா வாயெடுத்தேன்... வேலை போயிடும்னு பயம். தம்பிதுக்கு ஒம்பது போட எனக்கு மனசே வரலை."

"மனசு வராமலே போட்டியா? வந்திருந்தா என்ன போட்டிருப்ப?"

குருவி அழுதாள். தம்பியின் சாவு வீட்டில் அழுத அதே அழுகை. அன்றைக்கு அக்கா அவளைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது கை எழவில்லை.

"திற. மாத்து."

கம்ப்யூட்டரில் தம்பியின் பக்கம் வந்தது. ஒன்பதுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: கடைசியாக மாற்றியவர். அதற்கு நேரே அக்காவின் பெயர். ஆஸ்பத்திரியில் யாருமே கூப்பிடாத அந்த முழுப்பெயர், இனிஷியலோடு.

"இது?"

"உங்க கடவுச்சொல்லைப் போட்டுத்தான்... உங்க பேர்ல இருந்தா யாரும் சந்தேகப்படமாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. உங்களை எல்லாரும் நம்பறாங்கல்லக்கா."

லிஃப்ட் இருமிக்கொண்டு மேலே போனது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் ஒரே டப்பா. தம்பியைக் கணக்கிலிருந்து துடைத்தது அவள் பெயர். அந்த அம்மாவின் புருஷனை, அந்தப் பெண்ணின் அப்பாவை, எல்லாரையும் துடைத்தது அவள் பெயர். அவர்கள் அழுது முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆள்.

"வெளிய சொன்னா மாட்டறது நீங்கதான்க்கா," என்றாள் குருவி. மிரட்டலா கரிசனமா என்று அவளுக்கே தெரியாத குரல். "நான் சத்தமில்லாம ரெண்டுன்னு மாத்திடறேன். தம்பிது மட்டும். யாருக்கும் தெரியாது."

தம்பிது மட்டும். அக்காவுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அவனுக்குக் கணக்கில் இடம் கிடைத்துவிடும், தனக்கு வேலை மிஞ்சும். பிறகு "சார்ஜ்லயே வெச்சிருக்கேன்" என்ற குரல் காதுக்குள் வந்தது.

அவள் போனை எடுத்தாள். பதிவேட்டின் தலைமை அலுவலக எண் தாளின் அடியில் எப்போதும் அச்சாகியிருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதை அடித்ததில்லை. ஒரு ஆண் குரல் எடுத்தது, தூக்கக் கலக்கமாக.

"சார், நான் இங்க முப்பதாம் நாள் போன் பண்றவ. இறந்தவங்களை ஒம்பதுன்னு மாத்தியிருக்காங்க. நாலு வருஷமா. தாள் எல்லாம் என்கிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம். தூக்கம் கலைந்துவிட்டது. "அம்மா... இங்க மாத்தினவர் இடத்துல ஒரே பேருதான் வருது. நீங்க யாரு பேசறீங்க?"

அக்கா அந்த முழுப்பெயரைச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஊமை. இந்த ஊமை அவளுக்குப் பழகினது. எதிர்முனையில் பேச்சு வரும் வரை எப்படிக் காத்திருப்பது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது உங்களுக்குத்தாம்மா பிரச்சினை. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதையும் எழுதிக்கோங்க."

எதிர் மேஜையில் குருவி டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

"சரி. முதல்ல யாரோடது?"

அக்கா பீரோவிலிருந்து எடுத்த கட்டைப் பிரித்து, தம்பியின் தாளை அடியில் வைத்துவிட்டு, மேலே இருந்ததை எடுத்தாள். அந்த அம்மாவின் புருஷன். பெயரைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள், இரண்டு என்றாள். அடுத்தது. அடுத்தது. லிஃப்ட் எத்தனையோ முறை ஏறி இறங்கியது. கடைசியாகத் தம்பியின் தாள் வந்தது.

"தகவல் தருபவர் உறவு?" என்று கேட்டது குரல்.

"அக்கா."

குரல் எழுதிக்கொண்டது. அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதரும், என்ன நினைத்தாரோ, வைக்கவில்லை.