பரணுக்கு ஏறாத புகை

மலைமேல் வாழவந்தி நாட்டில், எங்கள் ஊருக்குள் முதன்முதலாகக் கேஸ் அடுப்பு வைத்தது என் வீட்டில்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன் நான். அடுத்தவன் மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் இறக்கியவன். அதே ஆள் சொந்தக் காட்டில் மிளகுக்கொடி ஏற்றி, மரவள்ளி போட்டு, தளம் போட்ட வீடும் கட்டினான் என்றால் சும்மாவா? சமையல் மேடைக்குக் கறுப்புக் கல் கீழேயிருந்து லாரியில் வந்தது. முதல் சிலிண்டரை ரோட்டிலிருந்து நானே தோளில் தூக்கிவந்தேன். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக நடந்தேன்.

ஆனால் பெருமைக்காக மட்டும் அதை வாங்கவில்லை. என் சம்சாரத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாமக்கல் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க அதெல்லாம் கையில தொடமாட்டாங்க."

"அப்ப வெறகடுப்பா?"

"ஆமாங்க."

"இனிமே ஒரு நாள்கூட அந்தப் பொகையில உக்காரக் கூடாது. உக்காந்தா நெஞ்சு தாங்காது" என்றார்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். நான் முடிவு பண்ணினால் நடக்கும். அந்த வருசமே புது வீடும் கேஸும் வந்துவிட்டன. பழைய மண்வீடு மட்டும் பின்னால் நின்றது, விறகும் மண்வெட்டியும் போட்டுவைக்க.

அவள் கேஸில்தான் சமைத்தாள். ஆனால் இருமல் விடவில்லை. பக்கத்தில் வந்தால் சேலையில் புகை வாசம் அடித்தது. ஒரு நாள் உச்சி வேளையில் காட்டிலிருந்து முன்னாடியே வந்தேன். பழைய வீட்டின் புல்லுக்கூரை வழியாகப் புகை கசிந்தது. உள்ளே இவள் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதும் இருமுவதுமாக இருந்தாள். அடுப்பின்மேல் சட்டியும் இல்லை, பானையும் இல்லை.

"என்னத்த வேக வெக்கற இங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அம்மிணி தீ?"

மேலே கையைக் காட்டினாள். அடுப்புக்கு நேர் மேலே பரணில் மூங்கில் கூடை, வாயைச் சாணியால் மெழுகி மூடி. உள்ளே மொச்சை விதை. எங்கள் மலையில் விதை இருக்கிற இடம் அதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்புக்கு மேலேதான் பார்க்கலாம்.

"அவ்வளவுதானே? புது ஊட்டுலயும் அடுப்புக்கு மேல பரண் போட்டிருக்கேன். அங்க வெச்சுக்க."

"அது அடுப்பாங்க?" என்றாள்.

எனக்கு அது எகத்தாளமாகப் பட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து வைத்ததை அடுப்பா என்று கேட்கிறாளே! கடப்பாரையை எடுத்து அந்த மண்ணடுப்பை அவள் கண்ணெதிரே இடித்தேன். கூடையை நானே தூக்கிவந்து கேஸுக்கு நேர் மேலே, பழைய பரண் இருந்த உயரம் பார்த்து வைத்தேன். ஆண்பிள்ளை அடுப்புப் பக்கம் போவது சோறு கேட்கத்தான். அடுப்புக்கு மேலே இருந்தால் விதை கெடாது என்பது தெரியும். அதைக் காத்தது புகை என்பது எனக்குத் தெரியவில்லை.

மழை இறங்கியதும் கூடையைத் திறந்தாள். கைவிட்டு அள்ளினால் மாவு. விதைக்கு விதை ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வண்டு. தினமும் குக்கர் ஆவி பட்டுப் பாதி பூசணம் வேறு. முற்றத்தில் கொட்டினாள். கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லித் தீர்த்திருப்பேன்.

விதை கேட்டு, பெரக்கரை நாட்டில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்கு வண்டியை எடுத்தேன். யாரிடமும் போய்க் கை நீட்டாதவன் நான். சேதி எனக்கு முன்னாடியே போயிருந்தது.

"வாங்க மாப்ளே! கறுப்புக் கல்லுமேல மொச்சை மொளைக்கலீங்களா?" என்றார் மச்சான். உள்ளே பார்த்து, "கேஸ்காரரு வந்திருக்காரு, பொகை படாத எடமாப் பாத்துப் பாய் போடு" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளேயிருந்து பதிலுக்கு இருமல்தான் வந்தது. அவர் சம்சாரத்தின் இருமல். என் வீட்டில் கேட்கிற அதே இருமல், அதே இழுப்பு.

"எத்தனை நாளா இப்படி?"

"பொகைக்குத்தான். பொம்பளைன்னா இருக்கறதுதானே" என்று சொல்லிவிட்டு விதையை அளக்கப் போனார்.

நானும் அப்படித்தானே இருபது வருசத்துக்கு மேல் கேட்டுக்கொண்டு சோறு தின்றேன் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் வீட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை. நாமக்கல் டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். விதைப் பையை வண்டியில் வைத்துக் கட்டினார்.

திரும்பி வந்து பழைய வீட்டில் மறுபடி அடுப்புப் போட்டேன். மண் பிசைந்தது நான். "தண்ணி சாஸ்தி. காஞ்சா வெடிச்சுப் போயிரும்" என்று இவள் வெளியே நின்று சொன்னாள். வாசல்படி தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இப்போது அறுப்பு முடிந்து விதை பரணேறினால் தினமும் தீ மூட்டுவது நான். உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன், இல்லாவிட்டால் வந்துவிடுவாள்.

"ஏனுங்க, பச்சை வெறகு வெக்காதீங்க, வெதைக்கு ஈரம் ஏறிரும்! கொழுந்து விட்டு எரிய வேண்டாம், பொகைஞ்சாப் போதும்!" என்று கதவுக்கு அந்தப் பக்கம் கத்துவாள்.

முதல் நாள் நான் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடிவந்தேன். மூட்டை சுமந்த நெஞ்சு இது. அவள் சிரிக்கவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

விதை இப்போது கெடுவதில்லை. அவள் நெஞ்சு முழுசாக ஆறவில்லை, ஆறாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். போன வருசம் மொச்சை ஊன்ற மேட்டுக்காட்டுக்கு ஏறும்போது வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். இந்த வருசம் இரண்டே இடத்தில்தான் உட்கார்ந்தாள். நான் விதைக்கூடையோடு பின்னாலேயே போனேன், அவள் எழுந்திருக்கிற வரைக்கும் நின்றுகொண்டு.